லூயி பிரெயில்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் உளது. அங்கே குதிரைச் சேணம் தைப்பவர் ஒருவரின் மகனாக 1809ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் கூரிய குத்தூசி ஒரு கண்ணிற் பாய்ந்தது. நோய் மறு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன.

பெற்றோர் அவரை மூலையில் இருத்திவிடவில்லை. தந்தை கைக்கோல் செய்து கொடுத்து நடமாட விட்டார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாக அடித்து, விரலால் தடவிக் கற்கச் செய்தார். ஊர்ப் பள்ளியிலும் ஏனைய சிறுவரோடு சேர்ந்தே பயின்றார். பரிவு மிகுதியால் பிள்ளையின் கைகால்களைக் கட்டிவிடும் பெற்றோர் நம் குடும்பங்களிலும் உண்டன்றோ? அவர்கள் இந்தச் சேணத் தொழிலாளரைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

1819இல் பாரிஸிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நூல்கள் இருந்தன. வழக்கமான எழுத்தையே பெரிதாக்கி மேடாக அச்சிட்டவை. கண்ணுடையோர் வகுத்த முறையாதலின் அது கண்ணுக்கே ஏற்றதாயிருந்தது, விரலுக்கன்று. அதனினும் பெருங்குறை, அம்முறையில் மாணவர் தாமே எழுத இயலாமை. தாய்க்கு நாலு வரி எழுதவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். எண்ணம் தமது, எழுத்து அயலாரது.

1821இல் சார்ல் பார்பியே என்பார் வகுத்த 12 புள்ளி முறை அப்பள்ளிக்கு வந்தது. அது ஒலியை மட்டுமே குறித்தது. ஒரு குறி விரல் நுனியில் அடங்கவுமில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824இல், தம் 15ஆம் வயதில், 63 குறிகள் கொண்ட புதுமுறையை உருவாக்கினார். 1829இல் அது நூலாயிற்று. கண்ணைக் குத்திய ஊசி போன்றதொரு கருவியே இப்போது எழுத்தாணியாயிற்று!

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். பார்வையுள்ள பெற்றோரும் படிக்கத்தக்க கடிதங்களை மாணவர் தாமே எழுதும் பொருட்டு, புள்ளிகளாலேயே வழக்கமான எழுத்துருவை அமைக்கும் வழியொன்றையும் 1839இல் வெளியிட்டார்.

1840இல் பொறுப்பேற்ற புதிய தலைவர் ஆறு புள்ளி முறையை வகுப்பிலிருந்து விலக்கினார். பார்வையற்றோர் தமக்கெனத் தனியெழுத்துக் கொள்ளலாகாது என்பது அக்காலத்தார் பலரின் கொள்கை. மாணவர் கேட்கவில்லை. மறைவில் எழுதினர், ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். தமக்கு எது வேண்டுமென்பதை அவர்களே அறிந்திருந்தனர். இறுதியில் பள்ளிதான் இறங்கி வந்தது; 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை அவையோர் முன்னிலையில் எழுதியும் படித்தும் காட்டப்பெற்றது.

காசநோயால் நலிந்த பிரெயில் 1852 ஜனவரி 6ஆம் நாள் மறைந்தார். அரசின் ஏற்பு 1854இலேதான் கிட்டியது.

நம் நாட்டில் பாளையங்கோட்டையில் 1890இலும் மைசூரில் 1901இலும் பார்வையற்றோர்க்குப் பள்ளிகள் தோன்றின. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் அமைந்தது. அதன்படி தமிழ் அகரத்திற்கும் கன்னட அகரத்திற்கும் ஒரே புள்ளி; ககரத்திற்கும் அவ்வாறே இரு மொழியிலும் ஒரே குறி. பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டு மொழியின் முதலெழுத்தையும் ஊர் மொழியின் முதலெழுத்தையும் ஒரே தொடுகையில் அறிந்துகொள்கிறது.