அடித்தளத்தில் நின்று காலத்தை வகுத்தவர்: சார்லஸ் மிங்கஸ்

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம் வரை நீளும் ஆலைகளில் ஒவ்வொரு தொழிலாளியின் கையசைவுக்கும் நொடிக்கணக்கு உண்டு. ஓடும் பட்டையின் வேகத்தை அதன் அருகில் நிற்பவர் தீர்மானிப்பதில்லை. பலர் கூடிச் செய்யும் வேலையில் காலத்தை வகுப்பவர் யார், அதில் ஒவ்வொருவருடைய அறிவுக்கும் உரிய இடம் எது என்னும் கேள்வி ஆலைக்கு மட்டும் உரியதன்று. இசைக்குழுவுக்கும் அது பொருந்தும். வாழ்நாள் முழுவதும் அக்கேள்வியை இசையின் வழியாகவே எழுப்பியவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் சார்லஸ் மிங்கஸ். ஜாஸ் இசையில் டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்திக் கருவியை வாசித்தவர் அவர்.

1922 ஏப்ரல் 22 அன்று அரிசோனா மாநிலத்தின் நோகேல்ஸ் நகரில் மிங்கஸ் பிறந்தார். சில மாதங்களிலேயே தாய் இறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த சிறுவன் விரும்பிக் கற்றது செல்லோ. ஆனால் அன்றைய அமெரிக்காவில் செவ்வியல் இசைக்குழுக்களின் கதவு கறுப்பினத்தவருக்கு மூடியிருந்தது. செல்லோவை நம்பினால் பிழைப்பு நடக்காது என்பதை நண்பர் படி கலெட் எடுத்துச் சொல்ல, மிங்கஸ் பேஸுக்கு மாறினார். விருப்பத்தால் மட்டும் அமைந்த மாற்றமன்று அது. நிறவெறி வகுத்த எல்லையும் அதில் இருந்தது.

கறுப்பினக் கலைஞரின் லயம் பிறவியிலேயே வருவது, இரத்தத்தில் ஊறியது என்று போற்றுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். பாராட்டுப் போலத் தோன்றும் இப்பேச்சு உழைப்பை மறைக்கிறது. மிங்கஸ் முதலில் ரெட் காலண்டரிடம் பயின்றார். பின்னர் நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவில் வாசித்திருந்த ஹெர்மன் ரைன்ஷாகனிடம் ஐந்தாண்டுகள் கற்றார். லாயிட் ரீஸிடம் இசையமைப்பு பயின்றார். எலிங்டனின் இசையும் தேவாலயத்தின் இசையும் அவருடைய செவியில் ஒருசேர ஒலித்தன. வளர்ப்புத் தாயுடன் சென்ற ஹோலினஸ் சபைகளில் ஒருவர் அழைக்க மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுக்கும் வழிபாட்டு முறையைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தார். அவருடைய லய உணர்வு இவ்வாறு சமூகத்திலிருந்தும் கடும் பயிற்சியிலிருந்தும் திரண்டது.

1950-ல் ரெட் நார்வோவின் மூவர் குழுவில் சேர்ந்தார். அதில் தாளக் கருவியே இல்லை. வேகமான உருப்படிகளில் காலத்தை நிலைநிறுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி பேஸின் மேல் விழுந்தது. அதைத் தாங்கியதால் அவர் புகழ் பரவியது. ஆனால் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவருக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவர் அமர்த்தப்பட்டார். நிறமே காரணம் எனக் கருதிய மிங்கஸ் குழுவை விட்டு விலகினார்.

தாளத்தின் அடியை ஒரு புள்ளியாக அவர் எண்ணவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் இருப்பதாகவும், கலைஞர் அவ்வட்டத்தின் எந்த இடத்திலும் தம் சுரத்தை வைக்கலாம் என்றும் விளக்கினார். ஒருவர் அடிக்குச் சற்று முன்னும் மற்றவர் சற்றுப் பின்னும் வாசித்தாலும் குழு சிதறுவதில்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பதே அவர்களைப் பிணைக்கிறது. ட்ரம்ஸ் கலைஞர் டேனி ரிச்மண்ட் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்த வட்டத்துக்குள் அவருடன் இயங்கினார். பாட்டின் நடுவே இருவரும் வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், நடையை மாற்றினார்கள். மற்றவர்கள் அவர்களோடு திரும்பினார்கள்.

ஜாஸ் பட்டறை என்று அவர் தம் குழுவுக்குப் பெயரிட்டது பொருத்தமே. எழுதிய தாளைக் கொடுப்பதைவிட, பியானோவில் வாசித்தும் பாடியும் காட்டி மெட்டைக் கலைஞர்களின் செவியில் ஏற்றவே அவர் விரும்பினார். 1956-ல் வெளியான பித்திகாந்த்ரோபஸ் எரெக்டஸ் இம்முறையின் முதல் பெருவெற்றி. தனி ஆவர்த்தனம் வாசிப்பவரின் பின்னால் ஏனையோர் அடங்கிக் கிடக்காமல், பல குரல்கள் ஒரே நேரத்தில் மனோதர்மமாக எழுந்து மோதின, இணைந்தன. 1960-ல் பியானோ இல்லாத நால்வர் குழுவில் எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் மிங்கஸின் பேஸும் இரு மனிதர்கள் வாதிடுவதைப் போலவே உரையாடின. துணைக்கருவி எனத் தாழ்த்தப்பட்டிருந்த ஒன்று அங்கே சமமாக நின்று பேசியது.

இசைக்கு வெளியிலும் அவர் அமைப்புகளோடு மோதினார். லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இசைக்கலைஞர் சங்கங்கள் இருந்தன. அவற்றை இணைக்கும் தொடக்க முயற்சிகளில் கலெட்டுடன் மிங்கஸும் பங்கேற்றார். 1953-ல் இணைப்பு நிறைவேறியது. பதிவு நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபட, 1952-ல் மாக்ஸ் ரோச்சுடன் டெபூ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1957-ல் லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க ஆர்கன்சா ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் படையை நிறுத்தினார். அவரை எள்ளி மிங்கஸ் அமைத்த உருப்படியைக் கொலம்பியா நிறுவனம் 1959-ல் சொற்கள் இல்லாமல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்துக்காக மிங்கஸும் ரிச்மண்டும் அழைப்பும் எதிர்க்குரலுமாக அச்சொற்களைப் பாடிப் பதிவு செய்தனர்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1962-ல் டவுன் ஹால் நிகழ்ச்சிக்கான பணியின்போது டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை வாயில் குத்தினார். ஊதி வாழும் ஒருவரின் பிழைப்பையே பாதித்த வன்முறை அது. மேடையில் தோழமைச் சுதந்திரத்தைப் படைத்தவர் மேடைக்கு வெளியே ஒரு தோழரின் உடலை மதிக்கத் தவறினார். இதையும் சேர்த்தே அவர் வாழ்வை நாம் படிக்க வேண்டும்.

1966-ல் நியூயார்க்கில் அவர் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். இசைக்கருவி உள்ளிட்ட உடைமைகள் தெருவுக்கு வந்த காட்சி ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளது. 1971-ல் வெளியான அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே, தாழ்ந்தவனுக்கும் கீழே கிடப்பவன் என்னும் பொருள் தருவது. நரம்பு நோயால் கைகள் செயலிழந்த பின்னும் பாடிக்காட்டி இசையமைத்தார். 1979 ஜனவரி 5 அன்று மெக்சிகோவின் குவெர்னவாகாவில் 56-ஆம் வயதில் மறைந்தார். அவர் விரும்பியபடி, மனைவி சூ அவரது சாம்பலைக் கங்கையில் கரைத்தார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இசையடிகள் கொண்ட எபிடாஃப் என்னும் படைப்பு 1989-ல்தான் நியூயார்க்கில் முழுவடிவில் அரங்கேறியது.

அமெரிக்கக் கறுப்பினப் போராட்டத்திலிருந்து 1972-ல் தலித் பேந்தர்கள் தம் பெயரையே எடுத்துக்கொண்டனர். மிங்கஸின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. பறையடிப்பவரைப் பிறவிக் கலைஞர் என்று புகழ்பவர்கள், அவருடைய பயிற்சியையும் இலக்கணத்தையும் காண மறுக்கிறார்கள். அத்திறனைப் பிறப்போடு கட்டுவது சாதியின் வாதமே. அதைப் புகழ்ச்சியாகச் சொன்னாலும் சாதியின் வாதமே. பறை அறிவால் கற்கப்படும் கலை என்று நிறுவுவதும், அதற்குரிய ஊதியத்தையும் மேடையையும் கோருவதும் ஒரே போராட்டத்தின் பகுதிகள்.