சபுராளி இப்னு பதூதா

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடும்பங்கள் நம்மில் அநேகம். பாட்டனார் தொண்டியிலிருந்தோ நாகூரிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கப்பலேறி வந்திருப்பார். இல்லையேல் நாமே வந்திருப்போம். ஆகவே சபுராளி என்ற சொல்லுக்கு நேயர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நமக்கெல்லாம் ஏறக்குறைய எழுநூறு வருஷம் முந்திய ஒரு சபுராளிதான் இப்னு பதூதா. உலகம் சுற்றிய யாத்திரிகர் என்றே அவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவர் அந்நிய நாட்டில் உத்தியோகம் தேடியவர், சம்பளம் வாங்கியவர், கடன்பட்டவர் என்பதைப் பேசுவோர் குறைவு. அந்தக் கதையைத்தான் நாம் இங்கே சொல்ல வந்தோம்.

மொரோக்கோ தேசத்தின் தஞ்சா நகரில் 1304-ம் வருஷம் அவர் பிறந்தார். குடும்பத்தில் காழிகள் பலர் இருந்தார்கள். அவரும் மாலிக்கி மத்ஹபுச் சட்டத்தைப் படித்தார். 1325 ஜூன் மாதம், தமது 21-ம் வயதில், ஹஜ்ஜுக்கென்று தன்னந்தனியே புறப்பட்டார். வாப்பாவும் உம்மாவும் அப்போது ஹயாத்தோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்த வேதனையை முதுமையிலும் மறவாமல் சொல்லியிருக்கிறார். திரும்பிவர 24 வருஷம் ஆகும் என்பது அன்று அவருக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது.

ஹஜ்ஜை முடித்துப் பல நாடுகளைப் பார்த்து வருகையில், டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் வெளிநாட்டாருக்குப் பெரிய பதவிகளும் சன்மானங்களும் கொடுக்கிறார் என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். அங்கே புதிதாக வருகிறவரின் முகத்தோற்றம், உடை, உடன் வரும் ஆட்கள், குதிரைகள் எல்லாவற்றையும் எழுதிச் சுல்தானுக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். பிறகு முல்தானில் நிறுத்தி வைப்பார்கள். அந்த நாட்டிலேயே தங்க வந்தவருக்குத்தான் மேலே போக அனுமதி. அதற்குக் காழியின் முன்னிலையில் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரும் எழுதிக் கொடுத்தார். பெர்மிட்டும் ஒப்பந்தமும் நம் காலத்துத் தொல்லைகள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுல்தானை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. காணிக்கை கொடுத்தால் அதைப்போல் பல மடங்கு திருப்பிக் கொடுப்பார். இதை நம்பி, புதிதாக வருகிறவர்களுக்குப் பணமும் பொருளும் கடனாகக் கொடுத்து, பின்னால் லாபத்தோடு வசூலிப்பதைச் சிந்து நாட்டு வியாபாரிகள் ஒரு தொழிலாகவே நடத்தி வந்தார்கள். நம்மவரும் கஜ்னியில் ஒரு வியாபாரியிடம் சுமார் முப்பது குதிரைகளும் ஓர் ஒட்டகச் சுமை அம்பும் கடனுக்கு வாங்கினார். வேலை கிடைக்கு முன்பே கடன் கழுத்தில் ஏறிக்கொண்டது. உம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜண்டுக்குக் கொடுத்துவிட்டு, நம் கடை வாசலில் வேலை கேட்டு நின்ற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த இடம் நமக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை.

டில்லியில் அவருக்குக் காழி உத்தியோகம் கிடைத்தது. வருஷச் சம்பளம் 12,000 தீனார். அது போக சில கிராமங்களின் வருமானம். அங்கே நடப்பது ஹனஃபி மத்ஹபு, தாம் மாலிக்கி, பாஷையும் தெரியாது என்று அவரே எடுத்துச் சொன்னார். சுல்தான் இரண்டு உதவியாளர்களை நியமித்து அந்தக் குறையைத் தீர்த்தார். ஆனால் வரவைவிடச் செலவு பெரிது. கடன் 55,000 தீனாராக வளர்ந்தது. கடன்காரர்கள் ஊர் திரும்பும் நேரத்தில் நெருக்கினார்கள். அரண்மனை வாசலில் நின்று, சுல்தான் காதில் விழும்படி முறையிடுங்கள் என்று அவர்களுக்கு யோசனை சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்! விஷயம் சுல்தானுக்கு எட்டியது. கடன் கஜானாவிலிருந்து தீர்ந்தது.

கொடுக்கிற கைதான் வெட்டுகிற கையாகவும் இருந்தது. சுல்தானுக்கு ஆகாத ஷெய்கு ஒருவரைச் சந்தித்ததற்காக அவரைக் காவலில் வைத்தார்கள். ஷெய்கு கொல்லப்பட்டார், இவர் நோன்பும் துஆவுமாகக் கிடந்து தப்பினார். உடைமைகளைத் தருமம் செய்துவிட்டு உத்தியோகத்திலிருந்து விலகினார். பிறகு சுல்தான் மறுபடியும் அழைத்து, 1342-ல் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டைக் கரையில் புயல் அடித்துக் கப்பல் உடைந்தது. சீனச் சக்கரவர்த்திக்கான காணிக்கைகள் கடலோடு போயின. ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியதால் அவர் பிழைத்தார். ஆனால் எந்த முகத்தோடு டில்லிக்குத் திரும்புவது?

மாலத்தீவுக்குப் போனார். அங்கே மாலிக்கி மத்ஹபு. படித்த காழி தேவையாக இருந்தது. மறுபடியும் உத்தியோகம், பெரிய இடத்துச் சம்பந்தம். அங்குள்ள பெண்கள் மேலுடம்பை மறைக்க வேண்டுமென்று கட்டளையிட்டார், அது பலிக்கவில்லை. வஜீரோடு மனக்கசப்பு வரவே புறப்பட்டு விட்டார். இலங்கையில் பாவா ஆதமலையைத் தரிசித்து, மஃபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க்கரைக்கு வந்தார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. மதுரையில் அப்போது கொள்ளைநோய். தமக்கும் காய்ச்சல் கண்டபோது, அந்த ஊரில் நிறையக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குணமானதாகச் சொல்கிறார். அங்கிருந்து மேற்குக் கரைக்குப் போகையில் கடற்கொள்ளைக்காரர்கள் உடுத்திய கால்சட்டை தவிர எல்லாவற்றையும் பறித்துக் கொண்டார்கள்.

தாம் போன பின் பிறந்த மகனைப் பார்க்க மறுபடியும் மாலத்தீவுக்குப் போனார். பிள்ளையை எடுத்துவந்து கொடுத்தார்கள். தாயோடு இருப்பதே அவனுக்கு நல்லது என்று அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார். வங்காளம் கடந்து, நமக்கு அண்டையில் உள்ள சுமத்ராவின் ஸமுத்ரா பாசாய்க்கு வந்தார். அங்கே ஆண்ட சுல்தான் ஷாஃபி மத்ஹபைப் பேணியவர்.

சீனாவில் தமக்கு நேர்ந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறார். வந்து பார்த்த ஒரு செல்வரிடம் ஊரை விசாரித்தால், தஞ்சாவுக்குப் பக்கத்து ஸப்தா என்றார். இருவரும் அழுதுவிட்டார்கள். சில வருஷங்களுக்குப் பின், ஸஹாரா பாலைவன ஓரத்து ஸிஜில்மாஸாவில் அந்த மனிதரின் சகோதரர் வீட்டில் தங்கினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் சீனாவில், ஒருவர் பாலைவனத்தில்!

இனி அவருடைய வீட்டுக் கதை. 1348-ல் டமாஸ்கஸ் வந்தபோது, முன்பு அங்கே விட்டுவந்த மகன் இறந்து 12 வருஷமாகிவிட்டது என்றார்கள். வாப்பா வஃபாத்தாகி 15 வருஷம் என்ற செய்தியும் அங்கேதான் கிடைத்தது. டில்லியில் அவர் தீனாரை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், அவருக்குத் தெரியாமலே வாப்பாவின் கப்ரு பழசாகிக்கொண்டிருந்தது. உம்மா மட்டும் ஹயாத்தோடு இருப்பதாகச் சொன்னார்கள். 1349-ல் மொரோக்கோவில் காலடி வைத்து, தாஸா என்ற ஊரை அடைந்தபோது, உம்மாவையும் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது என்று அறிந்தார். தஞ்சாவுக்குப் போனார்; வாசலில் காத்திருப்பார் யாருமில்லை. உம்மாவின் கப்ரைத்தான் ஸியாரத் செய்ய முடிந்தது. அப்போது அவருக்கு வயது 45.

பின்னர் ஸ்பெயினுக்கும் மாலி தேசத்துக்கும் போய்வந்து, ஃபெஸ் நகரில் சுல்தான் ஆணைப்படி தம் பிரயாணங்களைச் சொல்ல, 1355-ல் ரிஹ்லா நூல் எழுதி முடிந்தது. சொந்த நாட்டிலேயே காழியாக இருந்து காலமானார்.

அவர் படித்த இல்மு டில்லியிலும் மாலத்தீவிலும் சோறு போட்டது. ஆகவே சபுர் போகிற பிள்ளை ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகட்டும்; கடனைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். இதை நாம் தைரியமாகச் சொல்வோம். மற்றொன்றைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் காலத்தில் ஒரு சேதி வந்து சேர வருஷங்களாயின. இன்று உம்மாவின் குரலைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். இருந்தும் கல்லாவை எண்ணுகிற மும்முரத்தில், நாளைக்குப் பேசலாம் என்று எத்தனை நாளைத் தள்ளியிருக்கிறோம்! இன்று இரவு கடைக்கதவை இழுத்துச் சாத்து முன்பு, பெற்றவர் ஹயாத்தோடு இருக்கிற சகோதரர்கள் ஊருக்குப் பேசிவிடுங்கள். இல்லாதவர்கள் துஆச் செய்யுங்கள்.