உடன்பிறந்தவர்களைக் கொன்ற நோய்

1921-ம் ஆண்டு. டாக்டர் சுப்பாராவின் அண்ணன் ஸ்புரு என்ற நோயில் இறந்தார். சில நாட்களிலேயே தம்பியும் அதே நோயில் போய்விட்டார்.

ஸ்புரு வந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும். பேதி நிற்காது. இரத்தம் குறைந்து ஆள் எலும்பும் தோலுமாகி விடுவார். சோறு வயிற்றில் விழுந்தால் மட்டும் போதாது. அதன் சத்தைக் குடல் உறிஞ்ச வேண்டும். இந்த நோயில் அதுதான் நடப்பதில்லை.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் பரீட்சையில் தேற மூன்று முறை எழுதினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

1922-ல் இளம் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா போனார். திரும்பி வரவே இல்லை. பாஸ்டன் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்துகொண்டு படித்தார்.

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். போடிநாயக்கனூர் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் கீரையிலும் இருக்கிற சத்துதான் அது. ஆனால் கீரையில் அது பின்னிக்கிடக்கும். குடல்தான் அதைப் பிரித்து உறிஞ்ச வேண்டும். நோயுற்ற குடலுக்கு அது முடியாது. மருந்திலோ பிரித்த நிலையிலேயே இருக்கிறது. கியூபாவில் டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் ஸ்புரு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது; பசி எடுத்தது; இரத்தம் ஊறியது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே காலமானார். வயது 53.

சுமார் இருபது அடி நீளமுள்ள சிறுகுடலில் எந்தப் பகுதி பழுது என்று வயிற்றைக் கிழிக்காமல் அளக்கும் வழிகள் பிறகு பரவின. போலிக் அமிலம் மேல்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. பி12 சத்து கடைக்கோடியில். சைலோஸ் என்ற சர்க்கரை 25 கிராம் குடிக்கக் கொடுத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு வருகிறதென்று பார்ப்பார்கள். குறைந்தால் மேல்குடலில் கோளாறு என்று சந்தேகிப்பார்கள். கடைக்குடலைச் சோதிக்க, 1953 முதல் கதிர்வீச்சுள்ள பி12 உதவியது.

1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்புரு பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அங்கே ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது வியப்பானது. நோயே இல்லாதவர்களிலும் பலருக்குக் குடல் உறிஞ்சும் அளவு குறைந்திருந்தது.