நுவரெலியாவுக்கு வந்த சிறுமி

இந்திரா காந்தி என்றதும் இந்தியாவின் பிரதமராக இருந்த பெண்மணிதான் நம் நினைவுக்கு வருவார். நான் எழுத விரும்புவது அவருடைய சிறு வயதைப் பற்றி, அவருடைய தந்தை சிறையில் இருந்த வருடங்களைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு. நான் ஆறாம் தரத்தில் படித்தபோது என் வாப்பாவும் சில மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். வழக்கு முடிந்து அவர் வீடு வந்து வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் இதுவரை நான் இதைப் பற்றி எந்தத் தோழியிடமும் பேசியதில்லை.

இந்திரா 1917 நவம்பர் 19ஆம் திகதி அலகாபாத்தில் பிறந்தார். ஜவஹர்லால் நேருவுக்கும் கமலாவுக்கும் அவர் ஒரே மகள். பாட்டனார் மோதிலால் நேரு பெயர் பெற்ற வழக்கறிஞர். ஆனந்த பவனம் என்ற மாளிகையில் ஒரு குறையும் இல்லாமல் வளர வேண்டிய பிள்ளை. ஆனால் 1921 டிசம்பரில் பாட்டனாரும் தந்தையும் ஒரே நாளில் கைதானார்கள். விசாரணை நடந்தபோது நான்கு வயது இந்திரா நீதிமன்றத்தில் பாட்டனாரின் மடியில் அமர்ந்திருந்தார். அபராதம் கட்ட மறுத்ததால் பொலிஸார் அடிக்கடி வந்து வீட்டுத் தளபாடங்களை எடுத்துச் சென்றார்கள். அந்தச் சிறு பிள்ளை அவர்களோடு கோபித்துச் சண்டைக்குப் போனது.

நேரு மொத்தம் 9 தடவை சிறை சென்றார். அந்த நாட்களைக் கூட்டினால் ஏறத்தாழ 9 வருடங்கள் வரும். 1930 ஒக்டோபரில் மகளின் பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்ப வழியில்லாமல், நைனி சிறையிலிருந்து உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதத் தொடங்கினார். 1933 வரை எழுதிய அந்தக் கடிதங்கள் பிறகு பெரிய நூலாயின. அவற்றை அறிவுச் செல்வம் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ, தந்தை வீட்டில் இருந்திருந்தால் இத்தனை கடிதங்களுக்குத் தேவை வந்திருக்காதே என்று தோன்றியது.

1931 ஜனவரி முதலாம் திகதி தாய் கமலாவும் கைதானார். 13 வயதுப் பிள்ளைக்குத் தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் சிறையில். பாட்டனார் மரணப் படுக்கையில் இருந்ததால் அந்த மாத இறுதியில் இருவரும் விடுதலையானார்கள். பெப்ரவரி 6ஆம் திகதி பாட்டனார் காலமானார்.

களைத்துப்போன அந்தக் குடும்பம் ஏப்ரல் மாதம் ஓய்வுக்காக வந்தது நமது நாட்டுக்குத்தான். நுவரெலியாவில் ஒரு சிறு வீட்டில் இரண்டு வாரம் தங்கினார்கள். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் தினமும் பல மைல் நடந்து அவர்களைப் பார்க்க வந்தார்கள். காட்டுப் பூக்கள், மரக்கறி, வீட்டில் கடைந்த வெண்ணெய் என்று கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். மொழி தெரியாததால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வீடு நிறைந்த அந்த அன்பளிப்புகளை நேரு குடும்பத்தினர் அங்குள்ள வைத்தியசாலைக்கும் அநாதை இல்லங்களுக்கும் கொடுத்தார்கள்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வாப்பா இல்லாத மாதங்களில் எங்கள் கடை பூட்டியே கிடந்தது. உறவினர்கள்கூட வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா வருவார். எங்கள் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கியவர். லீக்ஸும் போஞ்சியும் ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து உம்மாவிடம் கொடுப்பார். வாப்பா ஏன் போனார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த 1931ஆம் வருடம் முடியுமுன் நேரு மறுபடியும் கைதானார். 1936இல் கமலா சுவிட்சர்லாந்தில் நோயால் இறந்தார். அப்போது இந்திராவுக்கு 18 வயது. 1942இல் திருமணமான சில மாதங்களில் இந்திராவும் கைதாகி, தந்தை கடிதம் எழுதத் தொடங்கிய அதே நைனி சிறையில் 8 மாதங்கள் இருந்தார். 1966இல் பிரதமரானார்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் மலையகத்து இந்திய வம்சாவளி மக்களில் 150,000 பேரின் முடிவைப் பின்னுக்கு விட்டிருந்தது. 1974 ஜனவரியில் இந்திராவும் நமது பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். 75,000 பேர் இந்தியாவுக்கு, 75,000 பேர் இலங்கைக்கு. இங்கே பலருக்குக் குடியுரிமைக்கு வழி பிறந்ததும் அதனால்தான். ஆனால் இந்த ஒப்பந்தங்களால் பல குடும்பங்கள் இரண்டாயின. எங்கள் வீட்டுக்கு வரும் அந்த அம்மாவின் அக்காவும் ஒப்பந்தத்தில் போனவர்தான். ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவரை அவர் பிறகு பார்க்கவேயில்லை.

1975 ஜூனில் இந்திரா நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார். 1977 மார்ச் வரை ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் சிறையிலிடப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகளிலும் நான்கு வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்த வலியை அனுபவித்தவர் எப்படி அதை மறந்தார் என்பது எனக்குப் புரியவில்லை. 1984 ஒக்டோபர் 31ஆம் திகதி அவர் தமது மெய்ப்பாதுகாவலர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்திராவின் தந்தை நாட்டுக்காகச் சிறை சென்றார். ஊரே பெருமைப்பட்டது. என் வாப்பாவின் கதை அப்படியல்ல. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இதை வாசிக்கும் தங்கைகளில் யாருக்காவது அப்படியொரு இடம் வீட்டில் இருந்தால், அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. என்னிடம் வந்து பேசுங்கள்.

போன சனிக்கிழமை அந்த அம்மாவிடம் இந்திரா நுவரெலியாவுக்கு வந்த கதையைச் சொன்னேன். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளை நம் ஊர்க் குளிரைத் தாங்கியதா என்று மட்டும் கேட்டார்.

- உயர்தரக் கலைப்பிரிவு மாணவி