ரெயில்வே வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக சினிமா காட்டிய கோவைக்காரர்

கோவையில் வெரைட்டி ஹால் ரோடு தெரியாதவர் இருக்க முடியாது. அந்த பெயர் வர காரணமான தியேட்டரை கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883-ல் கோவையில் பிறந்த இவர், திருச்சியில் ரெயில்வேயில் வேலை பார்த்தார். 1905-ல் அங்கு படம் காட்ட வந்த பிரெஞ்சுக்காரர் டுபாண்ட், உடம்பு முடியாமல் சொந்த நாடு திரும்ப முடிவு செய்தார். அவரது புரொஜக்டரையும் படச்சுருள்களையும் சாமிக்கண்ணு விலை பேசினார். எப்படியோ பணத்தை புரட்டி வாங்கியும் விட்டார்.

ரெயில்வேயில் இருந்தால் மாசம் பிறந்தால் சம்பளம். சினிமாவை நம்பினால் சோறு கிடைக்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் துணிந்து வேலையை விட்டார்.

டெண்ட் கொட்டகையை தூக்கிக்கொண்டு ஊர் ஊராக போனார். பேசாத படம்தான். ஏசுநாதர் வாழ்க்கை படத்தை திரையில் பார்த்து ஜனங்கள் வாயடைத்து போனார்கள். பெஷாவர், ரங்கூன் வரை அவரது கொட்டகை போனது.

1914-ல் சொந்த ஊரில் வெரைட்டி ஹால் தியேட்டரை கட்டினார். 1933-ல் டி.பி.ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' பேசும் படத்தை தயாரித்தார். படம் வசூலை அள்ளியது.

1942-ல் சாமிக்கண்ணு காலமானார். தியேட்டரின் பெயர் பின்னாளில் டிலைட் என மாறியது. ரோட்டின் பெயர் மட்டும் மாறவே இல்லை.