துப்பாக்கி இல்லாத படைத்தலைவர்

எல்லை காந்தி என்று நம் மக்கள் அன்புடன் அழைத்த கான் அப்துல் கபார் கான், 1890ஆம் ஆண்டு பெஷாவருக்கு அருகில் உத்மன்சாய் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெஷாவர் மிஷன் பள்ளியில் பயின்றார். அங்கே தலைமையாசிரியராக இருந்த விக்ரம் பாதிரியாரின் தொண்டுள்ளம் அவரைக் கவர்ந்தது. ஆங்கிலேயர் படையில் சேர வாய்ப்புக் கிடைத்தும், இந்திய அதிகாரி ஒருவரை வெள்ளைக்காரர் அவமதித்ததைக் கண்டு அதை உதறினார். 1910இல் தம் ஊரில் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் அவர் நடத்திய ‘பக்தூன்’ இதழில் பெண்களும் எழுதினார்கள். பர்தாவுக்குள் இருந்த பெண்கள் அந்நாளிலேயே எழுதினார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி!

பட்டாணியர் என்றாலே கையில் துப்பாக்கியும் நெஞ்சில் பழியுணர்ச்சியும்தான் என்று உலகம் எண்ணியிருந்தது. 1929இல் அவர் அமைத்த ‘குதாய் கித்மத்கார்’, அதாவது இறைவனின் தொண்டர்கள், எவரையும் திருப்பி அடிப்பதில்லை என்று ஆண்டவன் பெயரால் உறுதி எடுத்தார்கள். வெள்ளைச் சட்டை விரைவில் அழுக்காகிறதென்று செங்கல் நிறச் சாயம் தோய்த்துக்கொண்டதால் ‘செஞ்சட்டையர்’ ஆனார்கள். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா குவானிக் கடைவீதியில் நிராயுதபாணிகளான மக்கள்மீது குண்டு பாய்ந்தது. சுட மறுத்த கார்வால் படைவீரர்கள் சிறை சென்றார்கள்.

எங்கள் தோழியர் சிலருடைய தந்தையர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பணிபுரிகிறார்கள். ராணுவம் என்றால் நாட்டைக் காப்பது என்றே நாங்கள் அறிவோம். பாகிஸ்தானிலோ 1958இல் தளபதி அயூப்கான் ஆட்சியையே கைப்பற்றினார். பிரிவினைக்குப் பிறகு முன்பே பல ஆண்டுகள் சிறையிலிருந்த கபார் கான், மக்களாட்சி கேட்டு மீண்டும் சிறை புகுந்தார். 1962இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அவரை அவ்வாண்டின் கைதியாக அறிவித்தது. உடல் நலிந்ததால் 1964இல் விடுதலையாகி, பின்னர் ஆப்கானிஸ்தானில் தங்கினார்.

காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் இந்தியா வந்தார். அவருடைய உடைமை ஒரு துணி மூட்டை மட்டுமே. அதைப் பிரதமர் இந்திரா காந்தி வாங்கிக்கொள்ள முன்வந்தும் அவர் கொடுக்கவில்லையாம். ஆமதாபாத் கலவரத்தைக் கேள்வியுற்று உண்ணாநோன்பு இருந்தார்.

1972இல் தாயகம் திரும்பினார். தளபதி ஜியாவின் ராணுவ ஆட்சி 1983இல் அவரை மறுபடியும் கைது செய்தபோது வயது தொண்ணூறைக் கடந்திருந்தது. அந்த முதியவரிடம் அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்களோ!

1987இல் இந்தியா அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது. 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் காலமானார். அவர் விரும்பியபடி உடல் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே அப்போது கடும் போர். அடக்கத்துக்காக இரு தரப்பினரும் சண்டையை நிறுத்தினார்கள். ஆயினும் இறுதி ஊர்வலத்தினரிடையே குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர்.