இரட்டைமலை சீனிவாசன்: கோவைப் பள்ளி வாசலில் தொடங்கிய அரசியல்

இரட்டைமலை சீனிவாசன் என்றதும் அண்ணல் அம்பேத்கருடன் அவர் பங்கேற்ற வட்டமேசை மாநாடுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த மாநாட்டுக்கு அவரைக் கொண்டு சேர்த்த அரசியலின் முதல் பாடத்தை அவர் கற்ற ஊர் கோயம்புத்தூர். கொங்கு மண்ணின் தலித் வரலாற்றைப் பேசும் நாமே இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் அவர். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, அவருடைய குடும்பம் தஞ்சைக்கும் பின்னர் கோவைக்கும் இடம்பெயர்ந்தது. அவர் படித்த கோவைக் கல்விக்கூடத்தில் ஏறக்குறைய 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள். தம் சாதியும் வீடும் உறவினரும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் அவர் சக மாணவர்களுடன் விளையாடவில்லை. மணி அடிக்கும் வரை வெளியிலேயே எங்காவது அமர்ந்து படித்தார். பள்ளி முடிந்ததும் எவரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்தார். முதுமையில் 1939-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அவரைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பள்ளி மறுக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே அந்தச் சிறுவனுக்கு என்ன நேர்கிறது என்று கவனிக்கத்தான் எவரும் இல்லை. உரிமை வழங்கப்படுவதற்கும் அது செயல்படுவதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளி அவருடைய வாழ்நாள் அரசியலாயிற்று.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் சுமார் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். அயோத்திதாசப் பண்டிதர் அவருடைய சகோதரியின் கணவர். 1890-இல் சென்னை வந்த சீனிவாசன் அடுத்த ஆண்டே பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழ் வெளிவந்தது. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக அச்சிட்டு, ஏழாண்டுகள் அதை நடத்தினார்.

அதே 1893-இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கைக்கு ஆதரவாக பிரிட்டிஷ் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. சீனிவாசன் அதை எதிர்த்தார். கல்வி ஏற்கெனவே சில சாதிகளின் கையில் இருக்கும்போது, இங்கு நடக்கும் தேர்வு அந்தச் சாதிகளுக்கே ஆட்சி அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிடும் என்பது அவருடைய வாதம். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. ஆங்கில ஆட்சியை அவர் அளவுக்கு மீறி நம்பினார் என்று இன்று விமர்சிக்கலாம். ஆனால் தகுதிச் சான்று வழங்கும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார், அவரை யார் கண்காணிக்கிறார் என்ற அவருடைய கேள்வி இன்னும் காலாவதியாகவில்லை.

1900-இல் லண்டன் செல்லப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். நாடு திரும்பிய பின் 1923-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தும் உரிமைக்காக அங்கு குரல் கொடுத்தவர்களில் அவரும் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் முதன்மையானவர்கள். 1924-இல் தீர்மானம் நிறைவேறியது. அரசாணையும் வந்தது. கிராமங்களில் நிலைமை மாறவில்லை. தடுப்பவரைத் தண்டிக்காத உத்தரவு வெறும் அறிவிப்பு என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

1930, 1931 ஆண்டுகளின் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் நின்றார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1955-இல், தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. இன்று அதன் பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி, ஒருவருக்குப் பொருளையோ சேவையையோ மற்றவர்களுக்கு வழங்கும் அதே இடத்தில், அதே நிபந்தனையில் தீண்டாமை காரணமாக வழங்க மறுப்பது குற்றம். தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் இதற்குள் அடங்கும். 6ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ 8ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 6ஆம் பிரிவில் தண்டனை இல்லாவிட்டால் 8ஆம் பிரிவுக்கு வேலையே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தாலே போதும் என்று நாம் நினைக்கும்போது, உரிமத்தைத் தொடும் வழி அடைபடுகிறது.

கொங்கு மாவட்டங்களில் இரட்டைக் குவளை முறையை அருந்ததியர் அமைப்புகள் பல ஆண்டுகளாக வெளிக்கொணர்ந்து வருகின்றன. உணவுப் பாதுகாப்பு விதிகள் கடையின் தூய்மையையும் தண்ணீரையும் பார்க்கின்றன. குவளை எத்தனை வகை என்று அவை கேட்பதில்லை. வாக்கு சேகரிக்க வரும் வேட்பாளரும் அதே கடைப் பலகையில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டு, சமத்துவம் பேசப் புறப்படுகிறார்.

ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று தாத்தாவின் சிலைக்கு மாலை அணிவிக்கிறோம். அவர் 3,412 கையொப்பங்களைத் திரட்டிய காலத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் 6ஆம் பிரிவில் பதிவான வழக்குகள் எத்தனை, 8ஆம் பிரிவில் ரத்தான உரிமங்கள் எத்தனை என்று கேட்டு மனு எழுதுங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் செல்லுங்கள். தன் சாதியை மறைத்து கோவைத் தெருவில் விரைந்து நடந்த அந்தச் சிறுவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.